ஸ்பேர் அண்ணனும் சந்தனம் வைத்த ஏழு டிஸ்க்குகளும்

மதுரைக்காரர்கள் எதற்கும் பயப்பட மாட்டார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஸ்பேர் அண்ணன் ஒருத்தரே பயந்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அந்த வேலையில் அவர் மிச்சமே வைக்கவில்லை.

காளவாசலில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் ரெக்கார்டு பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் திருநகரிலிருந்து வந்துபோகிறவர் அவர். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். நிஜப் பெயர் என்னவென்று தெரிந்துகொள்ள ஒருநாள் வாசலில் இருந்த பதிவேட்டைப் புரட்டினேன். அதிலும் வாட்ச்மேன் 'ஸ்பேர் அண்ணன்' என்றுதான் எழுதி வைத்திருந்தார். அவரும் அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வண்டியில் எப்போதும் இரண்டு ஹெல்மெட் இருக்கும், பின்னால் உட்கார ஆள் இருக்காது. கண்ணாடி ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். மத்தியானத்துக்குத் தயிர்ச்சாதம் ஒரு டப்பா, எலுமிச்சைச் சாதம் ஒரு டப்பா. "ஒண்ணு ஊசிப்போச்சுன்னா என்ன தங்கச்சி செய்யிறது?" என்பார். இரண்டும் ஊசிப்போகாத நாளில் இரண்டையும் சாப்பிட்டுவிடுவார். நான் பார்த்தவரை இரண்டும் ஊசிப்போகாத நாள்தான் எல்லா நாளும். அப்படியும் உடம்பில் ஒட்டவில்லை. தின்றதையெல்லாம் கவலை தின்றுவிட்டது.

"அவன் கல்யாணத்துக்கு ரெண்டு மண்டபம் பிடிச்சான், ரெண்டு சமையக்காரன் சொன்னான், ரெண்டு மேளம் வச்சான். அதோட மாமனார் போதும்னுட்டாரு" என்று எங்கள் மேனேஜர் யார் வந்தாலும் சொல்வார். ஸ்பேர் அண்ணன் சிரிக்க மாட்டார். "மண்டபம் ஒண்ணுதாண்ணே. ஜெனரேட்டருதான் ரெண்டு" என்று திருத்துவார்.

புது சர்வர் வந்த அன்றைக்கு எங்களை எல்லாம் கூட்டி வைத்து விளக்கம் சொன்னார். உள்ளே ஆறு டிஸ்க் இருக்கும். எழுதுகிற எதையும் துண்டு துண்டாக்கி ஆறிலும் பரப்பி வைக்கும். கூடவே ஒரு கணக்கையும் போட்டு ஒளித்து வைக்கும். ஆறில் ஒன்று செத்தால், மிச்சம் ஐந்தும் கூடி அந்தக் கணக்கைப் பார்த்து, செத்ததிடம் என்ன இருந்தது என்று அப்படியே ஒப்பித்துவிடும். மேனேஜருக்குப் பிடித்துப்போனது.

"சரி, ரெண்டு செத்தா?" என்று கேட்டார்.

ஸ்பேர் அண்ணன் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பெட்டியைப் பிரித்ததும் அடுத்த கவலை வந்தது. ஆறு டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆறும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல செஞ்சதுண்ணே. ஒண்ணுக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் வரும். ஒண்ணா பொறந்ததுக ஒண்ணாவே போயிரும்" என்றார். மேனேஜர் எம்புட்டோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டவுன் பூராவும் கடை கடையாக ஏறி இறங்கி, வேறு வேறு மாதத்தில் செய்ததாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போனவர்கூட அப்படி ஜாதகம் பார்த்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் மேல் ஏழாவதாக ஒன்று. அது வேலை செய்யாது. மற்றது ஏதாவது சாகும்வரை சும்மா இருக்கும்.

"சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறதுக்குத்தான் எங்கிட்ட ஏற்கனவே மச்சினன் இருக்கானேப்பா" என்றார் மேனேஜர்.

"இது சும்மா இல்லண்ணே. காத்துக்கிட்டு இருக்கு."

"அவனும் அதத்தான் சொல்றான்."

ஏழையும் மாட்டி முடித்ததும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெடுக்கென்று உருவினார். அலாரம் கத்தியது. மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீகண்ணே, ஒண்ணு போனா தாங்குதான்னு பாக்குறேன்" என்றார், எல்லாரையும்விட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்த ஸ்பேர் அண்ணன். உருவியதைத் திரும்பச் சொருகினால், அதிலிருக்க வேண்டியதை மற்ற ஐந்திடமும் கேட்டுக் கேட்டு எழுத ஒரு பகல் முழுக்க ஆகும். அந்தப் பகல் முழுக்க ஸ்டூலைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. வாட்ச்மேன் தும்மினால் வெளியே போய்த் தும்ம வேண்டும். காளவாசல் சிக்னலில் பஸ்கள் உறுமும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கொஞ்சம் விட்டிருந்தால் கீழே இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தியிருப்பார்.

போகும்போது ஒன்று சொன்னார். "தங்கச்சி, இந்த ஆறும் சேந்து டிஸ்க்கு செத்தாத்தான் காப்பாத்தும். மனுசன் கைய வச்சா காப்பாத்தாது. எல்லாப் படத்தையும் வேற ஒரு எடத்துல இன்னொரு நகல் எடுத்து வைக்கணும். நீயாவது மேனேஜர்கிட்ட சொல்லு." நான் சொன்னேன். பொங்கலுக்கு அப்புறம் என்றார் மேனேஜர். மூன்று பொங்கல் போனது.

மூன்றாவது வருஷம் சித்திரையில் ஒரு டிஸ்க் செத்தது. ஆடியில் இன்னொன்று. இரண்டு தடவையும் படம் ஒன்றுகூடப் போகவில்லை. ஸ்பேர் அண்ணன் வந்து செத்ததை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுசை வைத்துவிட்டுப் போனார், அதுவரை அதன் வேலையைப் பார்த்த ஏழாவது பழையபடி சும்மா இருக்கப் போய்விட்டது. எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதற்கடுத்து வந்தது ஆயுத பூஜை.

இனி நான் சொல்லப்போவதில் தப்பு முழுக்க என்னுடையது. சுத்தம் என்று இறங்கிவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. முதல் நாள் சாயங்காலமே சர்வரை முறைப்படி அணைத்துவிட்டேன், பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு என்பதால். மறுநாள் காலையில் வந்து, பழைய நோட்டு, கிழிந்த ஃபைல் எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். பிறகு சர்வரைத் துடைக்கப் போனேன். மேல் பக்கம் மட்டும் துடைத்தால் என்ன சுத்தம்? ஏழு டிஸ்க்கும் தட்டோடு இழுத்தால் வருகிற மாதிரிதான் இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்து, ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட்டை வைத்து அழுந்தத் துடைத்தேன். தட்டுகளின் முகத்தில் மார்க்கர் பேனாவால் என்னவோ நம்பர் கிறுக்கியிருந்தது. அதையும் போக்கினேன். வாழை இலை போட்டு, எக்ஸ்ரே அறைச் சாவி, ஸ்டெதஸ்கோப், ஆம்புலன்ஸ் சாவியோடு ஏழையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டேன். கற்பூர வெளிச்சத்தில் பார்க்க லட்சணமாக இருந்தது. "இந்த வருசந்தான் பூஜை நெறவா இருக்கு" என்று மேனேஜரே சொன்னார்.

பொரிகடலை பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் படியேறி வந்தார். திருவாதவூர்க்காரர், பெயர் கருப்பையா. சொந்தமாகக் கொஞ்சம் வயல் வைத்துப் பயிர் செய்கிறவர். கையில் ஒரு டாக்டர் கடிதம்.

"தாயி, எங்க வீட்டம்மா பேச்சிக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி இங்கதான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். அந்தப் படம் வேணுமாம்."

"உங்ககிட்ட குடுத்திருப்பாங்களேய்யா?"

"குடுத்தாக. கரையான் அரிச்சிருச்சு."

கடிதத்தைப் படித்தேன். பேச்சியம்மாளின் நுரையீரலில் ஒரு சின்ன முடிச்சு. மறுநாள் காலையில் நெஞ்சைத் திறந்து எடுப்பதாக ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்த ஸ்கேனிலும் அது இதே அளவில் இருந்திருந்தால் பயமில்லை, திறக்க வேண்டியதில்லை. பழைய ஸ்கேனை முழுசாக சிடியில் போட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பவும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

நான் திரும்பி வாழை இலையைப் பார்த்தேன். பேச்சியம்மாளின் நெஞ்சு அந்த இலையில் ஆறு துண்டாகக் குங்குமத்தோடு இருந்தது.

ஸ்பேர் அண்ணனுக்கு போன் போட்டேன். "ஏழையும் வெளிய எடுத்து" என்று நான் சொல்லும்போதே, "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வந்தவர் இலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கும்பிடத்தான் உட்கார்ந்தார் என்று மேனேஜர் விபூதித் தட்டை நீட்டினார்.

"தங்கச்சி, எது எந்த எடத்துல இருந்துச்சு?"

"நம்பர் போட்டிருந்துச்சுண்ணே."

"போட்டிருந்துச்சா?"

"தொடச்சுட்டேண்ணே."

"எதால?"

"ஸ்பிரிட்டால."

"நல்லாத் தொடச்சியா?" என்றார்.

"சுத்தமாத் தொடச்சுட்டேண்ணே."

"வரிசைய எழுதி உள்ள ஒரு நோட்டு வச்சிருந்தேனே?"

வாட்ச்மேன்தான் பழைய பேப்பர்காரர் போன திசையைக் கையால் காட்டினார்.

டிஸ்க்குகளை மேய்க்கிற கார்டு புது ரகமாக இருந்தால் வரிசை மாறினாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். எங்களுடையது பழசு. தப்பான இடத்தில் தப்பான டிஸ்க்கை வைத்து, சரி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், தப்பையே நிஜமென்று நம்பி மேலே எழுதிவிடும். அப்புறம் எந்தப் படமும் திரும்பாது. அவர் அதைச் சொல்லும்போது கருப்பையா வாசல் பக்கம் நின்று பொரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாய் கூடப் போடவில்லை.

அதற்குள் மேனேஜருக்கு வேறு கவலை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், இன்றைக்கே கை வைத்தால் தெய்வக் குத்தம் என்று குறுக்கே நின்றார். ஸ்பேர் அண்ணனும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு டிஸ்க்கிடம் இருந்த அளவு பயம் தெய்வத்திடமும் இருந்தது. கருப்பையாதான் முன்னால் வந்தார்.

"மறுபூஜைய இப்பவே போட்ருவோம்யா. நான் பேச்சி பேரச் சொல்லிக் கேட்டுக்கிறேன். ஆத்தாளுக்குத் தெரியாதா?"

மறுபூஜைக்குத் தேங்காய் வேண்டும், இருந்ததைக் காலையிலேயே உடைத்தாகிவிட்டது. எல்லாரும் ஸ்பேர் அண்ணனைப் பார்த்தோம். அவர் பையைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்துக் கொடுத்தார்.

ஏழையும் மேஜைக்குக் கொண்டுவந்து சந்தனத்தைத் துடைத்தோம். ஸ்பேர் அண்ணன் வீட்டுக்கு போன் போட்டார். அங்கேயும் வரிசை எழுதிய நோட்டு ஒன்று உண்டு, இல்லாவிட்டால் அவர் ஸ்பேர் அண்ணனே இல்லை. அவர் மனைவி வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு டிஸ்க்கின் அடியில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு அமைந்துவிட்டன. ஏழாவதாகக் காத்துக்கொண்டிருந்ததும் எது என்று தெரிந்துவிட்டது. மூன்றும் ஐந்தும் அமையவில்லை. சித்திரையிலும் ஆடியிலும் மாற்றியவை அவை. புது எண்ணை இங்கே இருந்த நோட்டில் மட்டும் எழுதியிருந்தார். வீட்டு நோட்டில் எழுதுவதாக இருந்தாராம்.

"என்னங்க, நீங்களா எழுதாம விட்டீக?" என்று அந்தம்மா போனில் ஆச்சரியப்பட்டது எனக்கே கேட்டது.

கையில் இரண்டு டிஸ்க், முன்னால் இரண்டு ஓட்டை. மணி இரண்டரை.

"சித்திரையில செத்தது மூணாவது. அதுக்கு இதத்தான் வாங்கிப் போட்டேன்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்பச் சொருகுப்பா" என்றார் மேனேஜர்.

"ஞாபகத்துக்கு ஸ்பேர் இல்லையேண்ணே."

சொல்லிவிட்டு நெற்றிக் கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டார், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். கருப்பையா என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று மேஜைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தங்கச்சி, சித்திரையில அலாரம் அடிச்சப்ப நீதான போன் பண்ணுன? செவப்பு லைட்டு எரியிற தட்டுல ஒரு அடையாளம் வையி, நான் வாரதுக்குள்ள லைட்டு அணைஞ்சாலும் அணையும்னு நான் சொன்னேன். அதுக்கு நீ என்ன சொன்ன?"

எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"பேனா கிடைக்கல, நெத்தியில இருந்த ஒட்டுப்பொட்ட எடுத்து ஒட்டிட்டேண்ணேன்னு சொன்ன. எந்த எடம்னு கேட்டேன். மூணாவதுன்னு சொன்ன. தட்ட நான் மாத்தல, உள்ள இருக்கிறதத்தான் மாத்துனேன்."

பொட்டைக் காலையில் நானே சுரண்டி எறிந்திருப்பேன். அவர் டார்ச்சை எடுத்து இரண்டு தட்டுகளின் முகத்திலும் சாய்வாக அடித்தார். ஒன்றில் ஒன்றுமில்லை. அவர் முதலில் தூக்கிக் காட்டியதில், ஸ்பிரிட்டுக்கும் போகாத பசை, மிளகு அளவுக்கு ஒரு வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு சாட்சி ஆச்சு" என்றார் ஸ்பேர் அண்ணன்.

ஆறையும் சொருகினார். சர்வரைப் போட்டதும் இரண்டாவது டிஸ்க் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. உருவிப் பார்த்தால் பின்பக்கம், மின்சாரம் ஏறுகிற இடத்தில் என் சந்தனத் தண்ணீர். திரையில் ஐந்து டிஸ்க்தான் தெரிந்தது. மேனேஜர் ஏழாவதை எடுத்து ஓடிவந்தார். "இந்தாப்பா, இம்புட்டு நாளா இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்துச்சு."

"ஸ்பேர் வேண்டாம்ணே" என்றார் ஸ்பேர் அண்ணன்.

தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் நிதானமாகச் சொன்னார். அதைச் சொருகினால் உடனே ஒரு பகல் வேலையைத் தொடங்கிவிடும், மிச்சம் ஐந்தையும் போட்டுப் புரட்டும். காலையில் அம்புட்டுப் பாடு பட்ட ஐந்தில் இன்னொன்று மூச்சை விட்டால் எல்லாம் போச்சு. முதலில் பேச்சியம்மாள் படத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மூன்று வருஷமாக எதற்கும் இன்னொன்று கேட்ட மனிதர், இருந்த ஒன்றையும் தள்ளி வைத்துவிட்டு வெறும் ஐந்தை நம்பி நின்றார்.

திரையில் கேள்வி வந்தது. டிஸ்க்குகளில் இருக்கும் பழைய அமைப்பை ஏற்கவா, அழிக்கவா? ஏற்பதற்கு ஒரு எழுத்து, அழிப்பதற்கு ஒரு எழுத்து. அவர் விரலை நீட்டினார். அது கீபோர்டுக்கு மேலே நின்று ஆடியது.

"நீ அமுக்கு தங்கச்சி. என் கை பக்கத்துல போயிரும்."

"எனக்கும் நடுங்குதுண்ணே."

"உனக்கு நடுங்கும். ஆனா நீ சரியா அமுக்குவ."

அமுக்கினேன். திரை கறுத்தது. அது எத்தனை நேரம் கறுத்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கருப்பையா தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தது மட்டும் கண்ணில் நிற்கிறது. பிறகு படப் பட்டியல் வந்தது. பெயரைத் தட்டினேன். பேச்சியம்மாளின் நெஞ்சு, முழுசாக, கறுப்பு வெள்ளையில் திறந்தது. மேனேஜர் என்னைத் திட்ட வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மறந்து நாற்காலியில் சரிந்தார்.

ஸ்பேர் அண்ணன் சிடி இரண்டு போட்டார், அதைச் சொல்லவே வேண்டியதில்லை. கருப்பையாவை ஒரு சிடியோடு ஆட்டோவில் ஏற்றினார். இன்னொன்றை மேனேஜர் கையில் கொடுத்து, வேறு ரோட்டில் பைக்கில் போகச் சொன்னார். அவர்கள் போனதும் ஏழாவதைச் சொருகினார், ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். சாப்பிடவில்லை.

ஐந்தே முக்காலுக்கு கருப்பையா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "தாயி, முடிச்சு அப்படியேதான் இருக்காம். அன்னைக்கு எம்புட்டோ, இன்னைக்கும் அம்புட்டுத்தானாம். அறுக்க வேண்டாம்னுட்டாக. பேச்சி இப்பவே வீட்டுக்குப் போகணும்னு சேலை மாத்திக்கிட்டு நிக்கிறா." ஸ்பேர் அண்ணன் ஸ்டூலிலிருந்தே குரல் கொடுத்தார். "ஆட்டோவுல போகும்போது அவுகள உள்பக்கமா உக்காரச் சொல்லுங்கய்யா."

விடியக்காலையில் ஏழாவது எழுதி முடித்து, கிளம்பும் நேரத்தில் பார்க்கிறேன், வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாமல் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த நடுக்கம் முழுக்க இப்போதுதான் இறங்கியிருந்தது. "வண்டி இங்கயே இருக்கட்டும். நான் கொண்டுபோய் விடுறேண்ணே" என்று என் ஸ்கூட்டியை எடுத்தேன். நான் ஓட்டுகிற வேகத்துக்குக் காளவாசலில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. பின்னால் ஏறினவர், பழங்காநத்தம் வருவதற்குள் நாற்பது தடவை "மெதுவா தங்கச்சி" என்றிருப்பார். பசுமலை தாண்டியதும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடியே என் முதுகில் தலை சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

அதற்கப்புறம் யாரும் என்னை மெதுவாகப் போகச் சொல்லவில்லை. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துக் கொன்றன. திருநகர் வரைக்கும் நான் இருபதைத் தாண்டவே இல்லை.